நாலு எல்லைக்காரர்கள்

பைபாஸ் ஓரத்துக் காலி மனைகளில் இப்போது ஒரு பலகை அடிக்கடி கண்ணில் படுகிறது. 'இடம் விற்பனைக்கு. உரிமையாளரிடம் நேரில் பேசவும். புரோக்கர்கள் தேவையில்லை.' கீழே ஒரு செல் நம்பர். சில இடங்களில் பலகைகூடக் கிடையாது. சுற்றுச்சுவரில் சுண்ணாம்பை அடித்து, சிவப்பு பெயின்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த நம்பரில் பேசி, விலை படிந்து, பத்திரம் எழுத வருகிறவர்கள் முகத்தில் ஒரு தனிக் களை தெரியும். ரெண்டு பர்சென்ட் தரகு மிச்சமாயிற்றே!

கும்பகோணம் வட்டாரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அப்பாவுக்கும் அதே தொழில். 1982ஆம் வருஷத்து விதிகளின்படி அரசாங்கம் எங்களுக்கு உரிமம் கொடுத்து 'ஆவண எழுத்தர்' என்று பெயர் சூட்டியது. ஊருக்கு நாங்கள் என்றைக்கும் பத்திர ரைட்டர்தான். சொந்தமாகக் காணி நிலம் இல்லாவிட்டாலும் ஊரார் நிலத்தையெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எழுதிக் கொடுத்த குடும்பம். அந்தப் பாத்தியதையில் ஒன்று சொல்லலாம் என்று படுகிறது. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் இல்லாத கிரயம் இந்த மண்ணுக்குப் புதுசு. ஆயிரம் வருஷமாக நடுவில் யாராவது ஒருவர் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். முதலில் ஊர்ச்சபை, பிறகு பங்காளிகள், அப்புறம் கர்ணம், கடைசியாகத்தான் தரகர். ஒவ்வொருவரும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆளை எழுப்பி அனுப்பிவிடலாம், வேலை அங்கேயேதான் கிடக்கும்.

எங்கள் பக்கத்துக் கோயில் சுவர்களில் நில விவகாரம் நிறைய. சோழர் காலத்து விலை ஆவணம் ஒன்றைப் படித்துப் பார்த்தால், எங்கள் ஆபீஸில் எழுதுகிற கிரயப் பத்திரத்தின் எலும்புக்கூடு அதில் அப்படியே இருக்கும். விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார், நிலம் எந்த ஊரில், எவ்வளவு, என்ன விலை, பணம் கைக்கு வந்ததா, நாலு எல்லை எது, யார் யார் சாட்சி. எல்லையைக் கிழக்கில் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகச் சுற்றி வருவார்கள். இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அடையாளம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஊர் நிலம் முழுவதையும் வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் என்று கட்டம் கட்டி, இத்தனையாவது கண்ணாற்றில் இத்தனையாவது சதிரம் என்று எண் போட்டே சொல்கிறார்கள். இன்றைய சர்வே நம்பர் செய்கிற வேலையை அது அன்றைக்கே செய்திருக்கிறது.

விலைப்பணம், ஆவணம் எழுதும் இடமான ஆவணக்களியில் கைமாறும். பணம் வந்து சேர்ந்ததற்குப் பொருட்செலவோலை என்று தனியே ஓர் ஓலை. விலை ஆவணமே அந்த ஓலையாகவும் இருக்கட்டும், இதைத் தவிர வேறு ரசீது காட்டச் சொல்லிப் பிற்பாடு யாரும் கேட்கக்கூடாது என்று ஆவணத்திலேயே எழுதி வைத்துக்கொள்வதும் உண்டு. யாரோ ஒருத்தர் கேட்டு, யாரோ ஒருத்தர் தவித்த பிறகுதான் அப்படியொரு வாசகம் பத்திரத்துக்குள் வந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வாசகத்துக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கும்.

அளவுக்கும் குறைவில்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001ஆம் ஆண்டு வாக்கில், சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. பதினாறு சாண் கோல் என்று அளவுகோலின் நீளத்தையும் சேர்த்துச் சொல்கிற கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை காட்டுவது இன்னும் விமரிசை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த செப்பேட்டில், பெண் யானையை எல்லையோரமாக நடத்தி, அது போன வழியில் கல்லையும் கள்ளியையும் நட்ட விவரம் இருக்கிறது. யானை நடப்பதை ஊரே வந்து பார்க்கும். நாளைக்கு ஒருவன் கல்லைப் பிடுங்கிப் போட்டாலும் யானை எந்த வரப்பில் நடந்தது என்று சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.

அந்தக் காலத்து நடு ஆள், இப்படி ஊரேதான். விற்றது ஊருக்குத் தெரியும், எல்லை ஊருக்குத் தெரியும், பணம் கொடுத்ததும் ஊருக்குத் தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஓர் ஆவண வழக்கு வருகிறது. சுந்தரரை அடிமை என்று சொல்லி ஒரு முதியவர் கல்யாணப் பந்தலில் ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்கு நடக்கிறது. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வரச் சொல்லி, இரண்டு கையெழுத்தும் ஒன்றுதானா என்று சபையார் ஒத்துப் பார்க்கிறார்கள். பக்தர்கள் அதில் பக்தியைப் பார்ப்பார்கள். என் அப்பா ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்றைச் சொல்லுவார்: "பாத்தியாடா, ஜெராக்ஸை நம்பி ஏமாறாம ஒரிஜினலை வரவழைச்சிருக்கான்."

சபைகள் போன பிறகும், பரம்பரை நில உரிமையான காணியுரிமை நின்றது. வெள்ளைக்காரர்கள் வந்து இந்த நிலமெல்லாம் யாருடையது என்று கேட்டபோது அவர்களுக்குத் தலை சுற்றியது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், திருக்குறளில் தோய்ந்தவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எழுதியவர், மிராசு என்று அவர்கள் சொன்ன அந்தக் காணியுரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுதினார். அது 1818இல் அச்சாயிற்று. தொண்டை மண்டலத்துப் பழைய விலை ஆவணங்களைத் தேடி எடுத்து, நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் குடிகளுக்கு உரிமை இருந்தது என்று அதில் காட்டியிருக்கிறார். அந்த மாதிரிப் பழைய பத்திரங்களில் அஷ்டபோகம் என்று எட்டு அனுபவங்களையும் சேர்த்து விற்பார்கள்: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். மண்ணுக்குள் இருக்கும் புதையல், கிணற்றுத் தண்ணீர், கல், இன்றைய வரும்படி, இனிமேல் வரப்போகிற வரும்படி எல்லாம் அதற்குள் அடக்கம். அப்பா எழுதிய பத்திரங்களிலும் நிதி நிட்சேபம் வரும். இரண்டு சென்ட் கொல்லைக்குக்கூட அதை விடமாட்டார்.

தஞ்சாவூர்ச் சீமையில் ஊர்கள் மூன்று விதம். ஒரே குடும்பம் ஊர் முழுதையும் ஆண்டால் ஏகபோகம். பங்குதாரர்கள் நிலத்தை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டிருந்தால் அறுதிக்கரை. சில வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு மாற்றி எடுத்துக்கொண்டால் கரையீடு. கரையீட்டு ஊரில் ஒருவர் தன் உரிமையை விற்றால், இந்த வயல் என்று கை நீட்டிக் காட்ட முடியாது. ஊரில் எத்தனை பங்கு, அதில் தனக்கு எத்தனை என்பதைத்தான் விற்க முடியும். வாங்குகிறவன் நிலத்தோடு சேர்த்து ஒரு கூட்டத்தையும் வாங்குகிறான். பங்காளிகள் தலையாட்டாமல் அது எப்படி நடக்கும்?

கம்பெனி ஆட்சி இந்தக் கூட்டத்தைப் பிரித்து எடுத்தது. 1792இல் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் தொடங்கி வைத்த ரயத்துவாரி முறை, மன்றோ 1820இல் சென்னைக் கவர்னராக வந்ததும் ராஜதானியின் பெரும்பகுதிக்குப் பரவியது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு குடியானவர் பெயர், ஒரு தீர்வை, கையில் ஒரு பட்டா. ஊர்க்கோல் போய்ச் சர்வே சங்கிலி வந்தது. 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு பழைய கணக்கிலேயே பேசினார்கள். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு மாவில் நடக்கும், பத்திரத்தில் ஏக்கர் சென்டில் எழுதுவோம், பட்டாவில் ஹெக்டேர் ஏர்ஸ் இருக்கும். மூன்றையும் ஒத்துப்பார்க்கத் தெரியாதவர் தனியாக நிலம் வாங்கப் போகக்கூடாது.

பதிவுத்துறை 1864இல் வந்தது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்றது. நூறு ரூபாய் அன்றைக்குப் பெரிய தொகை. அதற்குக் கீழே உள்ள துண்டு நிலங்களை ஒப்படைத்தாலே கிரயம் முடிந்ததாகச் சட்டம் ஒப்புக்கொண்டது. பழைய குடும்பங்களில் சில கொல்லைகளுக்குப் பத்திரமே இல்லாமல் அனுபவம் மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது நடப்பில் இருக்கும் பதிவுச் சட்டம் 1908ஆம் வருஷத்தது. கைரேகையும் இந்த வழியாகத்தான் வந்தது. வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1877இல் பத்திரப்பதிவுக்கு ரேகை வாங்கத் தொடங்கினார். ஆள் மாறாட்டத்துக்குப் பயந்துதான்.

பதிவு ஆபீஸின் உயிர், 1ஆம் எண் புத்தகத்தில் இருந்தது. பதிவான பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து அதில் கையால் நகலெடுப்பார்கள். பெயர் வரிசைக்கு ஓர் அட்டவணை, சொத்து வரிசைக்கு ஓர் அட்டவணை. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்றால் அந்த அட்டவணைகளை வருஷம் வருஷமாகப் புரட்டித் தேடுவது. மனுக் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் வாங்குகிறவருக்கு விஷயம் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு, ஊர்க் கர்ணம்.

அப்பா தொழில் பார்த்த காலத்தில் கர்ணத்தைக் கேட்காமல் முத்திரைத்தாள் வாங்கமாட்டார்கள். கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் அடங்கலும் சிட்டாவும் துணியில் கட்டி இருக்கும். ஆனால் யாரும் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிடுவார்: அந்த மூணு மாவில் தென்னண்டை வரப்பு தகராறு, குத்தகைக்காரன் ரெக்கார்டு பண்ணியிருக்கான், கிணற்றில் பெரியப்பா மகனுக்குப் பாதிப் பாத்தியம், மூத்தவள் மாப்பிள்ளை கோர்ட்டுக்குப் போவான். இதில் எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. 1969ஆம் வருஷச் சட்டப்படி குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்தால், அது தாசில்தார் பக்கத்துப் பதிவேட்டில் ஏறும், பதிவு ஆபீஸ் அட்டவணையில் ஏறாது. நிலம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து வாங்கியவர், மறு வருஷம் வரப்பில் ஓர் உழவர் உரிமையோடு வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறார். கர்ணத்துக்கு இதெல்லாம் தெரியும். சும்மா சொல்லமாட்டார், அது வேறு கதை. கை நனைய வேண்டும். வேண்டாதவருக்குச் சொல்லவே மாட்டார். ஓர் ஆளிடம் ஊரின் நினைவு முழுவதும் இருந்தால் அந்த ஆள் எப்படி நடந்துகொள்வாரோ அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக வந்த உத்தியோகம் போய், தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது நியாயமான காரியம். அதே சமயத்தில் 1979 முதல் 1987 வரை, நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று பட்டாக்களை எல்லாம் புதுப்பித்தார்கள். ஊரில் எல்லாரும் அதை யு.டி.ஆர். என்பார்கள். ஊருக்குப் புதுசாக வந்த அதிகாரி, எதிரில் நின்றவர் பெயரைக் கேட்டுப் பட்டாவில் எழுதிய இடங்களும் உண்டு. அப்பா செத்துப்போய், மூத்த மகன் முன்னால் வந்து நின்றால், மூத்த மகன் பெயரில் பட்டா. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பெயர் விட்டுப்போகும். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு என்று கிளம்பினால் பாதி தூரத்தில் யு.டி.ஆர். வந்து நிற்கும்.

தரகர் தலையெடுத்தது இந்த இடைவெளியில். அதற்கு முன்பும் தரகர்கள் உண்டு. மாட்டுத் தரகு, நெல் தரகு, கல்யாணத் தரகு என்று தனித்தனியே இருந்தார்கள். நிலத்துக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. வாங்குகிறவர் பெரும்பாலும் பக்கத்து வரப்புக்காரர் அல்லது உறவுக்காரர். அந்நியர் நிலம் வாங்க வந்தபோதுதான் நிலத் தரகருக்கு மரியாதை வந்தது. சென்னையில் மாம்பலம் ஏரியை 1923இல் வடித்து தியாகராய நகரை மனை மனையாகப் பிரித்த காலத்திலேயே, எவருக்கும் பக்கத்து மனைக்காரர் யார் என்று தெரியாத ஊர் ஒன்று பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் அந்த நிலைமை எண்பதுகளுக்குப் பிறகு வந்தது. வயலைத் தூர்த்து, மஞ்சள் கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேன் வைத்து ஆள் கூட்டி வந்து, மதியச் சாப்பாடும் போட்டு மனை விற்றார்கள். மாவும் குழியும் போய்ச் சதுர அடி வந்தது. வளைகுடாவில் சம்பாதிப்பவர், பென்ஷன் பணம் வந்த வாத்தியார், சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் ஊரில் யாரைத் தெரியும்? தரகரைத்தான் தெரியும்.

நல்ல தரகர் பாதி கர்ணம். எந்த மனையில் அண்ணன் தம்பி வழக்கு, எந்த மனைக்குப் பாதை கிடையாது, எந்த ஓனர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இழுத்தடிப்பார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. விலை படியாமல் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு எழுந்தால், இருவரையும் தனித்தனியே டீக்கடைக்கு அழைத்துப் போய் இறக்கி ஏற்றி முடித்துவைப்பார். மோசமான தரகர் இதே விவரங்களை மறைத்து வைத்துக் காசாக்குவார். உரிமையாளரைக் கண்ணிலேயே காட்டாமல் பவர் பத்திரத்திலேயே கைமாற்றி விடுகிறவர்களும் இருந்தார்கள். பவர் வைத்துக்கொண்டு செய்கிற இந்த வியாபாரம் உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் தேதி உத்தரவிட்டபோது எங்கள் ஆபீஸ் வாசல் அடங்கிப்போனது. கொடி கட்டி விற்ற பல மனைகளுக்கு அங்கீகாரம் என்ற ஒன்று தேவை என்பதே வாங்கியவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தரகர்மேல் ஜனங்களுக்கு வெறுப்பு வந்ததில் ஆச்சரியமில்லை.

இதற்கிடையே காகிதம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வழிகாட்டி மதிப்பு எல்லாவற்றையும் செல்போனில் பார்க்கலாம். 2018 பிப்ரவரியிலிருந்து பத்திரப் பதிவே ஆன்லைன் வழிக்கு வந்தாயிற்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அதோடு இன்னொரு 2 சதவீதம் தரகருக்கு எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். கர்ணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டதில் பாதியை இன்றைக்கு ஒரு சின்னப் பையன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே எடுத்துவிடுகிறான். மீதிப் பாதிதான் சிக்கல்.

அப்படி ஒரு பிள்ளை, சென்னையில் வேலை, பலகை பார்த்து நேராகவே பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதமும் வரிசையாக.

"வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன் ஐயா. முப்பது வருஷத்துக்கு ஒரு என்ட்ரிகூட இல்லை. நில்."

"பட்டா யார் பேர்ல தம்பி?"

"ஓனர் பேர்லயே இருக்கு. ஆன்லைன்ல நானே எடுத்தேன்."

"மூலப்பத்திரம்?"

"அவர் அப்பா 1958ல வாங்கினது. ஒரிஜினலைக் காட்டினார். அப்பா காலமாகிட்டார்."

"உயில், பாகப்பிரிவினை ஏதாவது?"

"அதெல்லாம் எதுக்குங்கய்யா? அவர் ஒரே பையன்."

உரிமையாளர் சொன்னது பொய்யில்லை. ஒரே பையன்தான். நான் அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு இடத்துக்குப் போனேன். கீழ்ப்புறம் ஒரு மாட்டுக்கொட்டகை. கொட்டகைக்காரர் பால் கறந்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். இடம் கைமாறப்போகிறது என்றதும் ஆள் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

"யாரு, அவனா விக்கிறான்? அவனுக்கு மேல ரெண்டு அக்கா இருக்குல்ல. பெரியவளைப் பாபநாசத்துல குடுத்திருக்கு. சின்னது திருச்சி. அவங்களைக் கேட்டுட்டானா?"

கேட்கவில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பிதிரார்ஜிதம் என்றால் கதை வேறு. அதில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும்தான் வந்தது. இங்கே அந்தக் கேள்வியே இல்லை, மூன்றில் இரண்டு பங்கு அக்காமாருடையது. யு.டி.ஆரில் தம்பி பெயர் மட்டும் பட்டாவில் ஏறியிருக்கிறது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்ததற்குக் காரணம் வேறு. அந்தச் சொத்தில் அப்பா இறந்த பிறகு யாரும் எதையும் பதிவு செய்யவில்லை. பதிவானது மட்டுமே அந்தச் சான்றில் வரும். குடும்பத்தில் நடந்ததெல்லாம் வராது.

அதே கொட்டகைக்காரரின் வைக்கோல் போர், விற்கிற இடத்துக்குள் இரண்டடி தள்ளி நின்றது. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சர்வேயர் புலப்படத்தோடு வந்து, மண்ணுக்குள் புதைந்திருந்த கல்லைத் தோண்டி எடுத்து அளந்த பிறகு, "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்று சொல்லிப் போரை நகர்த்தினார். அக்காள் விஷயம் சொன்ன அதே வாய்தான். எல்லைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவர் சொல்லாததை அளந்து பார்க்க வேண்டும்.

அக்காமார் இருவரும் வந்தார்கள். பெரியவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பத்திரத்தை வரி விடாமல் படித்தார். "கேட்டிருந்தா முன்னாடியே வந்திருப்பேன். கேக்கணும்ல" என்று தம்பியைப் பார்க்காமலே சொன்னார். மூன்று பேரும் எழுதிக் கொடுப்பவர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். விலையை மூன்றாகப் பிரித்து மூன்று டிமாண்ட் டிராஃப்ட். தரகர் இல்லாத கிரயம்தான் அது. ஆனால் தரகர் செய்திருக்க வேண்டிய விசாரணையை ஒரு மாட்டுக்கொட்டகைக்காரர் செய்தார், அவருக்குக் கூலி கிடையாது.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அப்பா எழுதிய செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், நாலு பக்கமும் மனிதர்கள் இருப்பார்கள். இன்னார் வீட்டுக் கொல்லைக்கு வடக்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு, இன்னார் பாகத்துக்குக் கிழக்கு. இவர்களில் ஒருவரையாவது சாட்சிக் கையெழுத்துப் போட வைத்துவிடுவார். பக்கத்து நிலத்துக்காரன் சாட்சிபோட்ட எல்லையை நாளைக்கு அவனே மறுக்க முடியாது என்பது அவர் கணக்கு. சோழர் சபையில் ஊரே செய்த காரியத்தின் மிச்சம் அதில் இருந்தது. பேப்பரில் வக்கீல்கள் கொடுக்கிற 'பொது அறிவிப்பு', ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்பது, அதே மிச்சத்தின் இன்னொரு துண்டு. என்ன, பாபநாசத்து அக்காள் அந்தப் பேப்பரை வாங்குகிறாரா என்று யாருக்குத் தெரியும்?

என் காலத்து மனைப் பத்திரங்களில் எல்லை வேறு மாதிரி. வடக்கு மனை எண் 14, தெற்கு மனை எண் 16, கிழக்கு 23 அடி ரோடு, மேற்கு மனை எண் 31. அளவு துல்லியம், மனுஷர் ஒருவர்கூட இல்லை. அங்கீகாரம் வாங்கின மனைப்பிரிவுக்கு அதில் பெரிய ஆபத்தில்லை. கிராம நத்தத்திலும், குடும்பச் சொத்திலும், தாத்தா வாங்கிப்போட்ட கொல்லையிலும் அந்தப் பாணி உதவாது. நேராக உரிமையாளரிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தமாதிரி இடத்தைத்தான் வாங்குகிறார்கள். பலகை மாட்டுவதும் இந்த இடங்களின் உரிமையாளர்கள்தான்.

தரகர் வேண்டாம் என்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. தரகு மிச்சமாவது நல்லதுதான். உரிமையாளரை நேரில் பார்த்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது அதைவிட நல்லது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்பேன். "நாலு எல்லைக்காரர் பேரையும் சொல்லுங்க தம்பி." மனை எண் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆள் பேர் வேண்டும். அந்தப் பேர் தெரிய வேண்டுமென்றால் நாலு வாசலுக்குப் போய் நின்று பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சில் யாருக்கு அக்காள், எந்தக் கல் நகர்ந்தது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, யார் குத்தகை ஓட்டினார் என்பதெல்லாம் தன்னால் வரும். பேரைக் கொண்டு வந்தவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொண்டு வராதவர்களை, போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் பக்கத்து ரைட்டரிடம் போனார்கள்.